காயாத வார்னிஷ்

மகனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அவன் செய்யப்போகும் பொருளில் 'அபாயம் ஏதுமில்லை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். தெர்மாகோலில் செய்யும் பொம்மை வீட்டில் என்ன அபாயம் வந்துவிடப் போகிறது! பம்பாயை ஒட்டி நாங்கள் இருக்கும் சான்பாடாவில் விடாத மழை. பக்கத்து ஃப்ளாட்டில் கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த மழையிலயா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த நெடி என்னை நேராகச் செம்பூரில் நான் படித்த பாலிடெக்னிக் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டது.

எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து ஒரே பட்டறை. ஆளுக்கொரு பொருளோ, இரண்டு பேர் சேர்ந்து ஒன்றோ செய்து காட்ட வேண்டும். தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. தாராவியிலிருந்து வந்த முருகன் எனக்குப் பக்கத்து மேஜை. "ஏல, பட்டறைக்கு ஒரு இரும்பு கேட் போடுவோமா? நான் வெல்டிங் வைக்கேன், நீ பிடிச்சுக்கோ" என்றான். மாட்டுங்கா வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நெருப்பு, கரண்டெல்லாம் வேண்டாம்டா. பத்து விரலோட ஆத்துக்கு வந்து சேரு."

உண்மையில் பயந்தாங்கொள்ளி நான்தான். முருகனிடம் அப்பாவைச் சாக்குச் சொல்லிவிட்டு, அபாயமே இல்லாத மர ஸ்டூலைத் தேர்ந்தெடுத்தேன்.

ஸ்டூலுக்கு எங்கள் சார் வைக்கும் பரீட்சையே தனி. அதில் உட்கார்ந்து ஒரு கட்டிங் சாயை, அதாவது அரை கிளாஸ் டீயை, நிதானமாகக் குடிப்பார். ஆடவில்லை என்றால் பாஸ். ஆடாதபடி இழைத்து இழைத்துச் செய்தேன். அதோடு விட்டேனா? அழகுக்காக முந்தின நாள் சாயங்காலம் வார்னிஷ் வேறு அடித்தேன். ஜூலை மாதம்! பம்பாய் மழையில் கைக்குட்டை காய மூன்று நாளாகும் என்று தெரிந்தவன்தான், அதையும் செய்தேன்.

சார் உட்கார்ந்தார். சாய் முடிந்தது. ஸ்டூல் இம்மியும் அசையவில்லை. எழுந்தார். ஸ்டூலும் கூடவே எழுந்தது.

"அரே, யே க்யா ஹை!" இதென்னடா இது என்று அலறினார்.

வருஷம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. முருகன்தான் டர்பன்டைன் டப்பாவோடு ஓடிவந்தான். "சார், ஹிலோ மத்" என்று அவரை ஆடாமல் நிற்கவைத்து, ஓரம் ஓரமாகத் துடைத்துப் பிரித்தெடுத்தான். பேன்ட்டின் நூல் கொஞ்சம் ஸ்டூலோடு தங்கிவிட்டது. சார் என்னை முறைத்தார். "மஜ்பூத் தோ ஹை" என்றார். வலுவாகத்தான் இருக்கிறதாம். பாஸ்!

முருகன் தனியாகவே கேட்டைச் செய்து பட்டறை வாசலில் மாட்டினான். பிடிக்க ஆளில்லாததால் ஒரு மூலை கோணல். படிப்பு முடிகிறவரை அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பட்டறை இருந்த இடத்தில் ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேப். கேட்டையும் காணோம். முருகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"போனா போவுது, விடுல. அது அன்னைக்கே கோணல்லா" என்று சிரித்தான். "நீ பிடிச்சிருந்தா நேரா நின்னுருக்கும்."

என் பத்து விரலும் பத்திரமாகத்தான் இருக்கின்றன.