முதல் பரிசு பெற்ற கூடு

என் அக்காவின் கணவர் நீதிபதி. கோர்ட்டில் அல்ல, கம்ப்யூட்டரில். மான், மயில், தும்பி, தவளை என்று யார் எதைப் படம் பிடித்து அனுப்பினாலும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அதற்குத் தீர்ப்பு சொல்லிவிடுவார். பிழைப்புக்கு டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர். குளியலறைக்குச் சொரசொரப்பு, ஹாலுக்குப் பளபளப்பு, எந்தச் சுவருக்கு எந்த ஷேடு என்று பேசி வாடிக்கையாளரை மயக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுத வேண்டி வந்திருக்காது.

அத்தானுக்கு இந்தக் கிறுக்கு பிடித்த கதை சின்னது. ஏதோ ஒரு ஆன்லைன் போட்டிக்கு, மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த புறா ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். ஆறுதல் பரிசுகூட வரவில்லை. "புறா மங்கல், பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி தெளிவு" என்று அந்த நடுவர் எழுதியிருந்தார். வேறொருவராக இருந்தால் புறாவைத் தெளிவாக எடுக்கப் பழகியிருப்பார். அத்தான் நடுவராகிவிட்டார். 'இயற்கையின் இமைகள்' என்று ஒரு குழுவை ஆரம்பித்து, தன்னைத்தானே நிறுவனராகவும் தலைவராகவும் தலைமை நடுவராகவும் நியமித்துக்கொண்டார். அந்தப் புறாவுக்குப் பிறகு அவர் கேமராவைத் தொட்டதே இல்லை.

குழு வளர்ந்தது. வளராமல் என்ன செய்யும்? அங்கே தோற்கவே முடியாது. முதல் மூன்று பரிசுகள் போக, நடுவரின் சிறப்புப் பாராட்டு, நம்பிக்கை நட்சத்திரம், வளரும் கண் என்று ஆளுக்கொன்று தயாராக வைத்திருப்பார். வாரா வாரம் சான்றிதழ் மழை. அந்தச் சான்றிதழில் ஜெயித்த படம் தபால்தலை அளவு, அத்தான் முகம் உள்ளங்கை அளவு. முகத்துக்குக் கீழே கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அதை அவர் கண்ணில் வைத்து நான் பார்த்ததில்லை. புகைப்படத்துக்கு என்றே வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நேரலையில் முடிவு அறிவிப்பார். அதற்கென்று ஒரு காக்கி மேல்சட்டை உண்டு. காட்டுக்குள் போகிறவர்கள் போடுவார்களே, உடம்பெல்லாம் பை வைத்தது, அது. ஒரு பையில் டிவி ரிமோட், இன்னொன்றில் அஜீரண மாத்திரை. கேமராவில் தெரியாத கீழ்ப்பாதியில் கட்டம் போட்ட பைஜாமா. மைத்துனனாகப் பிறந்த பாவத்துக்கு, லேப்டாப்பை ஹால் டிவியோடு இணைத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தக் கூத்தை வாரம் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பைக் கேட்டால் சிரிப்பை அடக்குவது கஷ்டம். ஷோரூம் வாசனை போகவே போகாது. "இந்த மரங்கொத்தி நல்ல ஃபினிஷிங்" என்பார். "ஏரியோட பச்சை கொஞ்சம் டல்லு, வேற ஷேடு பாத்திருக்கலாம்" என்பார், ஏரி என்னவோ பெட்டியில் அடுக்கி வந்த மாதிரி. ஒருமுறை ஓர் ஆந்தைக்கு முதல் பரிசு கொடுத்தார். "எவ்வளவு நேரம் அசையாம ஒத்துழைச்சிருக்கு பாருங்க!" என்று மெய்சிலிர்த்தார். அது ஏதோ அருங்காட்சியகத்தில் பஞ்சு அடைத்து வைத்திருந்த ஆந்தை என்று மறுநாள் ஒருவர் போட்டு உடைத்தார். அத்தான் அசரவில்லை. "பாடம் பண்ணினவரோட கலைத்திறனையும் சேர்த்துதான் மார்க் போட்டேன்" என்று பதில் எழுதினார். அதற்கும் நூற்றுக்கணக்கில் கைதட்டல் பொம்மைகள் வந்தன. வெட்கம் என்ற ஒன்று இவருக்கு எந்த வயதில் கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பெண்ணை வெளியூரில் வேலைக்கு அனுப்பிவிட்டு, கடையும் வீடுமாக ஓடிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. சொரசொரப்பு டைல்ஸ் என்று அத்தான் தன் கையால் தேர்ந்தெடுத்துப் போட்ட தரைதான். காலில் மாவுக்கட்டு. எலும்பு சரியாகக் கூடாவிட்டால் பழையபடி நின்று வேலை பார்ப்பது சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா இடிந்துபோய்விட்டாள். போன் செய்தால் "ம்", "சரி" என்பதோடு சரி. சாப்பாடும் இறங்கவில்லை.

அவளை மீட்டது ஒரு குருவி. வீடு மாடியில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். பின்பக்கச் சுவரில் ஏறிய கொடி ஒன்று, அக்காவின் சமையலறை ஜன்னல் கம்பிகளைச் சுற்றி அடர்ந்து கிடந்தது. காலை நீட்டிக்கொண்டு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் கண்ணெதிரே, கொண்டைக்குருவி ஜோடி ஒன்று அந்த இலைகளுக்குள் கூடு கட்டியது. முட்டை வைத்தது. குஞ்சு பொரித்தது. அதன் பிறகு நான் போன் செய்தால் அக்காவின் பேச்சு நிற்காது. "மூணுல ஒண்ணு நோஞ்சான்டா. பெருசுங்க ரெண்டும் முந்திக்குது. ஆனா அம்மாக்காரி விடமாட்டேங்கறா, இதுக்குன்னு தனியா ஒரு புழு கொண்டு வர்றா." குருவி பயந்துவிடும் என்று மிக்ஸி போடுவதை நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது.

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "இந்த மூணும் பறந்து போறதைப் பாத்துட்டேன்னா எனக்கும் கால் சரியாயிடும்னு தோணுது. பைத்தியக்காரத்தனம்தான். சிரிக்காதே." நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இதையெல்லாம் அவள் அத்தானிடமும் சொல்லத்தான் செய்தாள். நான் இருக்கும்போதே ஒருமுறை கூப்பிட்டாள். "என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன். குஞ்செல்லாம் கண்ணு திறந்திருக்கு."

உள்ளறையில் இருந்து பதில் வந்தது: "போன்ல படம் எடுத்து அனுப்பு. பாக்கறேன்."

பத்தடி நடந்தால் ஜன்னல். மனிதர் வரவில்லை. அவருக்கு அப்போது பெரிய கவலை ஒன்று இருந்தது. வேறு யாரோ போட்டிக் குழு ஆரம்பித்து, சான்றிதழோடு கோப்பையும் தருகிறேன் என்று ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்க்க அத்தான் 'தாய்மை' என்று தலைப்பு அறிவித்தார். குழுவின் முதல் விதியே கூட்டைப் படம் எடுக்கக்கூடாது என்பதுதான். கிட்டே போனால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும், இலையை விலக்கினால் காக்கை கண்ணில் பட்டுவிடும் என்று அவரே எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். இந்தத் தலைப்புக்காக அந்த விதிக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்தார். "இயற்கைக்கு இடையூறு இல்லாமல் எடுக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அதோடு அவர் கடமை முடிந்தது.

மாவுக்கட்டு பிரிக்கும் நாளன்று அக்காவை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அத்தானுக்கு விடுமுறைதான், ஆனால் படங்கள் குவிந்து கிடந்தனவாம். எலும்பு கூடியிருக்கிறது, பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஊன்றுகோலோடு படியேறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஜன்னலுக்குப் போனாள்.

கொடி இல்லை. அதாவது, கூட்டைச் சுற்றி ஒரு முழத்துக்கு இலையே இல்லை. நடுவில் கூடு மட்டும் சரிந்து, சட்டையை உருவிப் போட்டதுபோல வெயிலில் தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. எதிரே மின்கம்பியில் காக்கை ஒன்று அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தாய்க்குருவி மட்டும் விட்டு விட்டுக் கத்திக்கொண்டு, கூட்டுக்கும் கம்பிக்குமாகப் பறந்தது. அலகில் புழு இருந்தது.

அக்கா அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலாம்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு? கொடியா? தெரியலையே. காத்தடிச்சிருக்கும்."

"காத்து கத்திரி வச்சுக்கிட்டா அடிக்கும்?" என்றாள் அக்கா. காம்புகள் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தன.

அத்தான் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "இதோ பாரு. காக்கைக்கும் பசி இருக்குல்ல? இயற்கைன்னா அப்படித்தான். இதுல நாம தலையிடக் கூடாது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சான்றிதழ் பைனாகுலரின் வாரை இவர் கழுத்தில் மாட்டி அந்தக் கணமே இறுக்கலாமா என்று இருந்தது எனக்கு.

ஞாயிறு வந்தது. அக்கா தனியாக இருக்கக்கூடாது என்று அவளையும் ஹாலில் உட்கார வைத்தேன். டிவி நிறைய சின்னச் சின்னக் கட்டங்களில் உறுப்பினர்கள். நடுக்கட்டத்தில் காக்கியோடு அத்தான். மூன்றாம் பரிசு, குட்டியைச் சுமக்கும் குரங்கு. இரண்டாம் பரிசு, வாத்துக் குடும்பம். "இப்ப, முதல் பரிசு!" என்று குரலை உயர்த்தினார்.

திரை முழுக்க ஒரு கூடு. மூன்று திறந்த வாய்கள். விளிம்பில் கொண்டையை நிமிர்த்திய தாய். இடையில் ஓர் இலைகூட மறைக்கவில்லை. ஒவ்வொரு இறகையும் எண்ணிவிடலாம் போல இருந்தது. படத்துக்குச் சொந்தக்காரர் கீழ்வீட்டுப் பல் டாக்டர். அவர் கட்டத்தில் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அத்தான் ஆரம்பித்தார். "அடர்ந்த காட்டுக்குள்ள, நாள் கணக்கா காத்துக் கிடந்து எடுத்த படம்னு பாத்தவுடனே தெரியுது. பேக்ரவுண்ட் க்ளீன். லைட் பிரமாதம். ஒரே ஒரு குறைதான். கூட்டுக்குப் பக்கத்துல ஒரு நீல நாடா கண்ணை உறுத்துது பாருங்க. அதை எடிட் பண்ணி எடுத்திருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்."

அந்த நாடாவை நான் பார்த்தேன். காற்றில் கொடி ஆடிக் கூடு விழுந்துவிடப் போகிறது என்று, அக்கா தன் பழைய பாவாடை நாடாவை எடுத்து ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நான்தான் அவள் சொன்ன இடத்தில் முடிச்சுப் போட்டேன்.

அக்கா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். நடந்துபோய் அத்தானுக்குப் பின்னால் நின்றாள். மைக் திறந்துதான் இருந்தது.

"அது காடு இல்லைங்க. நம்ம சமையல்கட்டு ஜன்னல்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். "என் மனைவி. இவங்களுக்கும் இயற்கைன்னா ரொம்ப ஈடுபாடு..."

"அந்த நாடா என்னோடது. இடது ஓரத்துல இருக்கறது நோஞ்சான். டாக்டர் சார், ஏணி போட்டு வெட்டுனது நீங்களா?"

பல் டாக்டர் கூப்பிய கையை இறக்கினார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், நான் கேக்காம எதுவும் பண்ணலை. மேல வந்து சார்கிட்ட கேட்டேன். பின்னாடி கொடி ரொம்ப வளந்திருக்கு, கொஞ்சம் வெட்டிக்கட்டுமான்னு. சார்தான் தாராளமா வெட்டிக்கங்கன்னார்." அதோடு அவர் கட்டம் மறைந்தது.

அக்கா அத்தானைப் பார்த்தாள். "கேட்டாரா?"

அத்தானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது, மனிதர் நடிக்கவில்லை. "வந்தாரு... ஏதோ கேட்டாரு. நான் சரியா கவனிக்கலை. வேற பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"படம்."

"என்ன படம்?"

அத்தான் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "யாரோ அனுப்பினது. குருவி ஒண்ணு குஞ்சுக்கு ஊட்டற மாதிரி."

அக்கா ஊன்றுகோலோடு சமையலறைப் பக்கம் நடந்தாள். இத்தனை நாள் அவரைக் கேலி செய்தே பழகிய எனக்கு, அந்த நேரத்தில் ஒரு கேலியும் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

முதல் பரிசு ரத்தாகவில்லை. அறிவித்ததை மாற்றினால் குழுவின் மரியாதை போய்விடுமாம். நேரலையில் வந்த சண்டையை ஆளாளுக்குப் பகிர்ந்ததில் உறுப்பினர்கள் கூடினார்கள். போட்டிக் குழு மண்ணைக் கவ்வியது. அத்தான் விதியை மறுபடி அமலுக்குக் கொண்டுவந்து, கூட்டைப் படம் எடுப்பதன் தீமைகள் பற்றி உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்கும் கைதட்டல்.

சில வாரம் கழித்து நான் போயிருந்தபோது, அக்கா ஊன்றுகோல் இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் கொடி மறுபடி தழைத்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதே கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. அலகில் ஒரு நீளக் குச்சி. இலைக்குள் நுழைந்து இடம் பார்த்தது. எனக்கு மனசு துள்ளியது.

"அக்கா, பாரு பாரு! திரும்ப வந்துடுச்சு!"

அக்கா பார்த்தாள். குருவி அடுத்த குச்சிக்குப் பறந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு சமையல் மேடைக்குக் கீழே இருந்து கத்திரியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அது வர்றதுக்குள்ள கொடியை அடியோட வெட்டிப் போட்டுடு. பாவம், இந்த வீட்டை நம்பி வருது."