முருகனுக்கு உப்பில்லாச் சோறு

எனக்கு எட்டு வயதானபோது, மலேசியாவில் பீடோங் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் உப்பு நின்றுபோனது. என் சிறுநீரகம் புரதத்தைப் பிடித்து வைக்கத் தெரியாமல் ஒழுகவிட்டதில் முகமும் காலும் வீங்கின. உப்பைக் கண்ணில் காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது பெரியவர்களுக்குத் தெரிந்த காரணம். எனக்குச் சொல்லப்பட்டது வேறு. சப்பென்றிருந்த ரசச்சோற்றைத் தள்ளிவிட்டு நான் அழுததும், அம்மா சட்டென்று ஒன்றைச் சொன்னார்.

"இது முருகனுக்கு விரதம்டி. ஒழுங்கா இருந்தா சீக்கிரம் நல்லாயிரும்."

அழுகை நின்றது. தைப்பூசத்துக்கு அப்பா இருக்கும் விரதமெல்லாம் எனக்கு முன்னால் எம்மாத்திரம்? அவராவது சாம்பாரில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறார். பள்ளிக்கூடத்தில் என் பெருமையைத் தாங்க முடியவில்லை. கணக்குப் பரீட்சைக்காக இரண்டு பேர் என்னிடம் வேண்டுதல்கூடக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்த இருவரில் ஒருத்தி நன்றிக்கடனாக ஒரு பொட்டலம் ஆசாம் கொண்டுவந்தாள். உப்பில் ஊறிக் காய்ந்து, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்தப் புளிப்புப் பழம். இரண்டு மாதமாக என் நாக்கு செத்துக் கிடந்தது. கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பொட்டலத்தையும் முடித்துவிட்டேன். கொட்டைகளை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என் கண் சரியாகத் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி, கீற்றளவு இடுக்கில்தான் பார்க்க முடிந்தது. வியாதி தானாகவே திரும்பியிருந்தது, ஆசாமுக்கு அதில் பெரிய பங்கில்லை என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கோ எனக்குச் சந்தேகமே இல்லை. முருகன் பார்த்துவிட்டார். கழிப்பறைக் கதவையும் தாண்டிப் பார்த்திருக்கிறார். அம்மா கேட்டபோது, ஒன்றும் தின்னவில்லை என்று சாதித்தேன்.

சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் இளம் தமிழ் டாக்டர் என் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

"உப்பு எதுவும் சேத்துக்கிட்டாளா?"

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதன் வாய் சரியாக மூடாமல் இருந்தது. உள்ளே ஒரு டிஷ்யூவில், என் சட்டைப் பையில் கிடந்த ஆசாம் கொட்டைகள்.

"நான்தான் டாக்டர். கை தவறி கறியில உப்பு போட்டுட்டேன்."

"எத்தனை தடவைலா சொல்றது உங்களுக்கு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொன்னதே அவர்தான். ஒரு பொட்டலம் ஆசாமுக்கே என்னை இப்படி ஊத வைத்த முருகன், டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சும்மா விடுவாரா? தப்பு என்னுடையது. அதை அம்மா ஏன் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? உண்மையைச் சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தண்டனை வருமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

என்னை வார்டில் சேர்த்தார்கள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார்.

மறுநாள் காலையில் ஊசிக்கும் மருந்துக்கும் என் இமைகள் நன்றாகத் திறந்தன. முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். நான் பயந்தது நடந்துவிட்டது. அவருடைய கண்கள் இரண்டும் சிவந்து, நன்றாக வீங்கியிருந்தன.

"அம்மா, நீயும் உப்பு தின்னியா?"

அம்மா என்னையே பார்த்தார்.

"ஆமாம்டி. கொஞ்சம்."

நான் போர்வைக்குள் கைகூப்பி, அம்மாவை மன்னித்துவிடும்படி முருகனிடம் கெஞ்சினேன். உப்பைத் தவிர வேறொன்றாலும் கண் வீங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.