ஓடாத காருக்கு நான்கு டயர்
மகனுடைய ஸ்போர்ட்ஸ் கார் கீழ்புத்துப்பட்டு அருகே மழையில் வழுக்கி, ஒரு புளியமரத்தை உரசி நின்றது. அவனுக்குக் காயமில்லை. என் படபடப்புதான் அடங்கவில்லை. அடுத்த வாரம் புது டயர் வாங்க மரக்காணம் போனபோது, கடையில் ஓர் உப்பளக்காரரைப் பார்த்தேன். உப்பில் வெடித்த பாதங்கள், சலவைச் சட்டை. ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்தி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே ஒசத்தி டயரு? சாதா போதாதா?" என்றார் கடைக்காரர்.

"அவன் சாதா டயர் போடமாட்டாம்பா."

அவருடைய மகன் போன மழைக்காலத்தில் இதே சாலையில் விபத்தில் இறந்தான் என்று கடைக்காரர் என்னிடம் மெல்லச் சொன்னார். நொறுங்கிய காரைச் சரிசெய்து கொட்டகையில் வைத்திருக்கிறாராம். உப்புக் குவியலை மூடும் பனையோலையைச் சக்கரங்களுக்கும் சாத்தியிருக்கிறாராம். அப்படியும் உப்புக்காற்றில் டயர் வெடித்துவிடுகிறது.

என் முன்னால் இரண்டு வகை இருந்தன. மகன் கேட்டது வேகத்துக்கானது, காய்ந்த சாலைக்கு நல்லது. மற்றது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும்.

"இதை வாங்கிட்டுப் போனா திட்டுவான்" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

உப்பளக்காரர் திரும்பினார். "திட்டட்டும்மா. திட்டறதுக்கு இருக்கான் இல்ல?"

மழைக்கான டயரையே வாங்கினேன். மகன் ஒரு வாரம் திட்டினான், உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்படிச் சொன்னவர், தன் மகன் காருக்கு மட்டும் அந்த வேக டயரில் நான்கை எடுத்துப் போனார். மழை பிடிக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.