திருநீறு பூசிய ஜாடி

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் கண்ணம்மாள் கிளேஸ் கலக்க வந்தபோது அவள் பிள்ளைகள் பால்வாடியில் இருந்தார்கள். இப்போது அவர்களுக்கே பிள்ளைகள். சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் அந்தக் கஞ்சியில் விரலை விட்டு, நகத்தில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு பழமலைநாதரை நினைத்துக்கொண்டு பாத்திரத்தை முக்குவாள்.

எந்தப் பாத்திரத்துக்கு எந்த கிளேஸ் என்பதை மட்டும் முதலாளியம்மா பூர்ணிமாதான் சொல்லுவாள். இந்த முறை, "ஓட்டல்காரர் ஊறுகா ஜாடிக்கு மாதிரி கேக்கறாருக்கா. கிளேஸ நீங்களே முடிவு பண்ணுங்க" என்று விட்டுவிட்டாள். கண்ணம்மாள் பால்வெள்ளையைத் தேர்ந்தாள்.

சூளை திறந்தது. வெள்ளை ஜாடியின் தோளில் தேன்நிறத்தில் ஏதோ ஒழுகியிருந்தது.

"கலவ தப்பாயிடுச்சாக்கா?" என்றாள் பூர்ணிமா.

கண்ணம்மாள் கிட்டே போனாள். தன் பேரில் வெந்த முதல் ஜாடி! குனிந்து பார்த்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். எங்கோ பார்த்த கோடுகள். நிமிர்ந்தால், எதிரே சூளைக்காரன் கொளஞ்சிநாதனின் நெற்றி. சூளைக் கதவுக்குத் திருநீறு பூசாமல் அவன் பற்றவைப்பதே இல்லை.

"ஏண்டா கொளஞ்சி, ஜாடிக்குமா பட்ட போட்ட?"

"ஒங்க ஜாடியாச்சே, நல்லா வரட்டும்னுதாங்க்கா..."

"நல்ல வேள, மால போடாம வுட்டியே!"

பூர்ணிமா கோடுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்துல வெறகு சூளைல சாம்பல் பறந்து பானை மேல ஒக்காந்து, உருகி இப்படித்தான் மினுக்குமாம். அதப் பாத்துட்டுதான் எந்த மரத்துச் சாம்பலுக்கு என்ன நெறம்னு தேடித் தேடிப் பூசுனாங்களாம்."

"அப்ப நாமளும் தேடிருவோம்" என்றாள் கண்ணம்மாள்.

உமி, கருவேலம், முந்திரி விறகு என்று சாம்பலைப் பழம்புடவையில் சலித்தாள். ஊறவைத்து, வழுவழுத்த தண்ணீரை இறுத்து, களிமண்ணும் கல்மாவும் சேர்த்துச் சின்னச் சின்ன வில்லைகளில் பூசிச் சுட்டாள். உமி வெளுத்தது, கருவேலம் திட்டுத்திட்டாய்க் கறுத்தது. முந்திரிதான் வெல்லப்பாகு போல இறங்கி, ஓரத்தில் இளம்பச்சை காட்டியது. அதையே எடுத்து ஒரு ஜாடி முழுக்கப் பூசினாள்.

ஓட்டல்காரர் வெள்ளை ஜாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை. முந்திரி ஜாடியை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இதாங்க வேணும். யாரு எடுத்த கலரு?" என்றார்.

பூர்ணிமா வாய் திறக்குமுன், "நாந்தாங்க" என்றாள் கண்ணம்மாள். அவள் குரல் அவளுக்கே கணீரென்று கேட்டது.

அடுத்த சூளை அடுக்கும்போது கொளஞ்சிநாதன் திருநீற்றுத் தட்டோடு வந்தான்.

"கதவோட நிறுத்திக்கடா. ஜாடிக்கு நான் பூசியாச்சு."