எண்ணிக்கை தவறிய நாட்கள்

தி. நகரில் ஒரு பட்டுக்கடையில் இருபத்திரண்டு வருடமாகப் புடவை விரித்துக் காட்டுகிறேன். கல்யாணப் பட்டுப் பிரிவில், மெத்தையில் உட்கார்ந்து செய்யும் வேலை. எதிரில் ஒரு குடும்பமே உட்காரும். ஐம்பது அறுபது புடவை குவிந்த பிறகு, "மொதல்ல ஒண்ணு காட்டினீங்களே, அது" என்பார்கள். எது என்று திருப்பிக் கேட்கக் கூடாது. குவியலில் கையை விட்டு உருவித் தர வேண்டும். அது முடிகிறவர்தான் எங்கள் கடையில் மெத்தையில் உட்காரலாம்.

போன வருடம் அது என்னை விட்டுப் போனது. ஒரு வீட்டாருக்கு முகூர்த்தப் புடவையையே மாற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கல்யாணப் பெண் அழுதுகொண்டே வந்தாள். முதலாளி அண்ணாச்சி சத்தம் போடவில்லை.

"புத்திய எங்கடே வச்சுட்டு வந்த? கொஞ்ச நாளு பார்சல் பக்கம் நில்லு."

என் அப்பா அறுபது வயதில் என் பெயரை மறந்தவர். எனக்கு நாற்பத்தொன்பது. பார்சல் மேசையில் நின்றபோது அது மட்டுமே மனதில் ஓடியது.

எடை தூக்கினால் மூளைக்கும் நல்லது என்று யாரோ பேருந்தில் பேசியது காதில் விழுந்தது. வீட்டில் சொல்லாமல் சாந்தோமில் ஒரு சின்ன ஜிம்மில் சேர்ந்தேன். சோறு தின்றால் மந்தம் என்று அங்கே வரும் இளைஞர்கள் பேசிக்கொண்டார்கள். யாரிடமும் விவரம் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அன்று முதல் கடை மெஸ்ஸில் என் சோற்றைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டு, ஒரு முட்டையும் டீயுமாக இருந்தேன்.

மூன்று வாரம் போனது. ஒருநாள் நான் எண்ணிக்கொண்டே எடை தூக்கும்போது ஜிம் மாஸ்டர் என் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சார், மூணு தபா ஏழு சொல்லிக்கினு கீற? எட்டு லீவா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவர் கம்பியை வாங்கி வைத்துவிட்டு, என்னைத் தனியாக உட்கார வைத்தார்.

"காலைல இன்னா துன்ன?"

"டீ."

"மத்தியானம்?"

"முட்டை. சோறு விட்டுட்டேன்."

"யாரு சொன்னா? இவனுங்களா? இவனுங்க வூட்டுக்குப் போயி மீன் கொழம்பு ஊத்தி ரெண்டு தட்டு துன்றவனுங்க. நீ பட்டினி கெடந்து தூக்குனா தலைல இன்னா நிக்கும்?"

எடையைப் பாதியாகக் குறைத்தார். காலையில் சுண்டலும் முட்டையும், மதியம் அளவாகச் சோறு, நிறையக் காய் என்றார். எண்ணுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். எனக்கு அதுதான் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். சில மாதங்களில் பன்னிரண்டு வரை தவறாமல் வந்தது. படுத்ததும் தூக்கமும் வந்தது.

ஆவணிக் கூட்டத்தில் மெத்தையில் ஆள் போதவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்து மெத்தைப் பக்கம் கையைக் காட்டினார். நாற்பது புடவைக்கு மேல் விரித்த பிறகு, பெண்ணின் அம்மா, "ஆரம்பத்துல மயில் கழுத்துக் கலர்ல ஒண்ணு பார்த்தோமே" என்றார். கையை விட்டேன். உருவியது வேறு. மெத்தையின் ஓரத்தில் நின்ற அண்ணாச்சியின் பக்கம் நான் திரும்பவில்லை. மறுபடி விட்டேன். இரண்டாவது எடுத்தது அதுதான்.

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி சொன்னார்: "பழைய வேகம் இல்லடே. இருந்தாலும் இங்கனயே உக்காரு."

பழைய வேகம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்தது. என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன்.