பர்வீன் பானு பார்த்துப் போட்ட தரை

பர்வீன் பானுவைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "தங்கமான பொண்ணு" என்பார்கள். அந்தப் பேர் நாக்கு வழிக்கத்தான் ஆகும். தங்கமாக இல்லாமல் கொஞ்சம் வாய்த்துடுக்காக இருந்திருந்தால் இன்றைக்கு அவள் வாடகை வீட்டில் கிடக்கமாட்டாள். நான் பக்கத்து வீட்டு ஜரீனா, அவளுக்கு அக்கா மாதிரி, லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். என் அடுப்படிக்கும் அவள் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது, அதனால் அவள் கதையில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்.

சிவகங்கையிலிருந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மகள் ஹஸ்னா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவள் மாப்பிள்ளை இனாமுல் ஹசன் நெஞ்சுவலியில் மவுத்தாகிப் போனார். அப்போது அவள் மாமனார் உயிரோடு இருந்தார். இங்கேதான் வினை. தகப்பன் இருக்கும்போதே மகன் போய்விட்டால், இன்னொரு மகன் இருக்கையில், போனவன் பிள்ளைக்கு அந்த வீட்டில் பங்கு விழாது. அதற்காக மார்க்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பேத்திக்கென்று தாத்தா தன் காலத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், அந்த வழி திறந்துதான் இருக்கிறது. பெரியவரும் "எழுதிருவோம்த்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இவள் வாயைத் திறந்து கேட்டாளா? மாப்பிள்ளை போய் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்கிற பெண் வீட்டைப் பற்றிக் கேட்டால் ஊர் என்ன பேசும் என்று இருந்துவிட்டாள். இத்தா முடிந்த பிறகும் கேட்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "மாமா மனசு நோகும் லாத்தா" என்றாள். மாமா மனசு நோகாமலே போய்ச் சேர்ந்தார். வீடு புருனேயில் இருக்கும் மூத்த மகன் ஹபீப் ரகுமானுக்குப் போனது. "உன்னைய யாரு போகச் சொல்லப் போறா" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை நம்பி, ஜாக்கெட் தைத்து மகளைப் படிக்கவைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். என்றைக்காவது போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அவளை விட்டுப் போகவேயில்லை.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து ஹபீப் வீடியோவில் கூப்பிட்டார். சிமென்ட் தரை வெடித்துக் கிடக்கிறது, மாற்றிவிடலாம் என்றார். "வினைலா, டைல்ஸான்னு நீயே பாத்து முடிவு பண்ணு பானு. அங்கன இருக்கிறவ நீதானே."

சுவரைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. "என்னையக் கேட்டாக லாத்தா. என்னையத்தான் கேட்டாக." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

செக்காலை ரோட்டில் ஒரு கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்கார சத்தியமூர்த்தி வினைல் சுருளை விரித்துக் காட்டினார். பார்வைக்கு அசல் மரப்பலகை மாதிரி இருந்தது. "பழைய தரை மேலயே ஒட்டிரலாம்க்கா. ஒரே நாள் வேலை. காலுக்கும் மெத்துன்னு இருக்கும். ஒக்காந்து தைக்கிறவுக நீங்க, முழங்காலுக்கு நல்லது."

எனக்கு அதுதான் பிடித்தது. பானு குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "நான் வாளி வாளியா ஊத்தி வீடு கழுவுறவ. இடுக்குல தண்ணி எறங்குனா என்னாகும்?"

"எறங்கத்தான் செய்யும்" என்றார் சத்தியமூர்த்தி. நல்ல மனுஷன்.

"அப்ப வேணாம். பாய் மாதிரி விரிச்சத பாய் மாதிரியே சுருட்டிருவாக. டைல்ஸ்னா ஆயுசுக்கும் கெடக்கும்." ஒளு செய்துவிட்டு ஈரக் காலோடு தொழ வந்தால் வழுக்கக் கூடாதென்று, பளபளப்பு இல்லாத டைல்ஸாகத் தேடி எடுத்தாள். ஹஸ்னா எங்கே உட்கார்ந்து படிப்பாள், தையல் மெஷின் எங்கே வரும் என்றெல்லாம் கடையிலேயே கணக்குப் போட்டாள். கொத்தனார் முத்துவேலைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டதைப் பெயர்த்து மறுபடி பதிக்கவைத்தாள். வேலை முடிகிறவரை தாயும் மகளும் அடுப்படியில்தான் படுத்தார்கள்.

ஹபீப் மனைவியோடு லீவில் வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து வெறுங்காலோடு கூடம் முழுக்க நடந்து பார்த்தார். நானும் அங்கேதான் இருந்தேன். "மாஷா அல்லா, கடைஞ்சு எடுத்த மாதிரி இருக்கு" என்றவர், டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "வெளியூர்க்காரக செட்டிநாடு சுத்திப்பாக்க வாராக பானு. அவுகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். நீங்க ரெண்டு பேருதானே, கழனிவாசல் பக்கம் சின்னதா ஒரு வீடு பாத்துக்கங்க."

பானு கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, இத அவ கடைக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"முன்னாடியே சொன்னா புள்ள மனசு கஷ்டப்படும்னுதான்" என்றார். கொஞ்சமும் கூசவில்லை. கூடவே இருந்து வேலை வாங்க ஆள் வேண்டியிருந்தது, வேலை முடிந்ததும் கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட்டாயிற்று. எந்தத் தரை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், யாருக்கு என்று இவள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேட்காதவள் அன்றைக்கா கேட்கப் போகிறாள். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி இவள்மேலும் இருந்தது.

கழனிவாசலில் ஒற்றை அறை. தையல் மெஷினைப் போட்டால் ஹஸ்னாவுக்குக் கால் நீட்ட இடமில்லை. குடிபோன அடுத்த மாதம் ஒரு மத்தியானம் நான் அங்கே போயிருந்தபோது ஹபீபின் மனைவி போனில் வந்தாள். அவள் பேசியது எனக்கும் கேட்டது. "ஆளுக மாத்தி மாத்தி வந்து போறாக பானு. வேலைக்கு வச்ச பொம்பள சரியா தொடைக்க மாட்டேங்குறா, டைல்ஸ் எல்லாம் கறை. அதோட பக்குவம் ஒனக்குத்தான் தெரியும். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போயேன். நீ என்ன அந்நியமா."

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க என் கை நீண்டது. பானு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன் லாத்தா" என்றாள் போனில். "வேலைக்காரிக்கு என்ன சம்பளமோ அத மச்சான்கிட்டப் பேசிச் சொல்லுங்க. ஹஸ்னா பீஸ் கட்டணும். சொந்தக்காரின்னு மட்டும் கூப்பிடாதீக. சொந்தக்காரிக்குத்தான் அங்க ஒண்ணும் இல்லைன்னு ஆயிருச்சே."

அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு சம்பளம் சொன்னார்கள். அந்த வீட்டில் இவளுக்கு இவ்வளவு என்று யாரும் வாய்விட்டுப் பேசி முடித்தது அதுதான் முதல் தடவை.