தாஷ்குர்கான் மாவட்டம்: மூன்று எல்லைகளும் ஓர் ஊராட்சித் தலைவியும்

எண்பதுகளின் பிற்பகுதி. பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் நடுவிலுள்ள குஞ்ச்ராப் கணவாயை வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்களாம் என்று கேள்விப்பட்டதும் என் கணவர் கணேஷுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் ஆக்லாந்தில் நில வரைபடம் வரைகிற வேலையில் இருந்தார், நான் நர்ஸ். சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீடு, பிள்ளைகள் இன்னும் இல்லை. ஆகஸ்டில் இருவருக்கும் லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டோம்.

இஸ்லாமாபாத்திலிருந்து பஸ் மாறி மாறி, பாகிஸ்தானின் கடைசி ஊரான சுஸ்ட் வரை போகலாம். அங்கிருந்து கணவாய் சுமார் 85 கிலோமீட்டர்; உயரம் கிட்டத்தட்ட 4,700 மீட்டர். உச்சியைத் தாண்டியதும் பஸ் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறும். சீனா வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, அந்தப் பக்கம் அகன்ற புல்வெளி. ஒரே மலை என்று நம்பவே முடியாது.

இறங்கும் வழியில் கணேஷ் வாந்தி எடுத்தார். "கொஞ்சம் தலையிடிதான். ஒண்டுமில்லையப்பா" என்றார். சற்று நேரத்தில், "ஹென்டர்சன் வந்திட்டுதோ?" என்று கேட்டார். ஹென்டர்சன் ஆக்லாந்தின் மேற்குப் புறநகர்; ஊர் பஸ்ஸில் போவதாக நினைத்துவிட்டார். உயரம் மூளையைத் தாக்கத் தொடங்கினால் ஒரே வைத்தியம், உடனே கீழே இறங்குவது. அந்த நேரம் பார்த்து பஸ் நின்றது. பனி உருகி வந்த வெள்ளம் பாதையை அறுத்திருந்தது.

மறுகரையில் ஒரு ஜீப் நின்றது. பக்கத்தில், தொப்பிமேல் வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்ஸில் வந்த வியாபாரி அமானுக்கு அவர்கள் மொழி தெரியும். கத்திக் கேட்டுவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அவர் பெயர் குல்நோர். இந்த ஊராட்சியின் தலைவி. வெள்ளத்தைப் பார்க்க வந்திருக்கிறார். உங்கள் கணவரை அக்கரைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்."

"எப்படி?"

அவர் பதில் சொல்லுமுன் அக்கரையிலிருந்து ஒரு மேய்ப்பர் இரண்டு கவரிமாடுகளை நீரில் இறக்கி எங்கள் பக்கம் ஓட்டிவந்தார். கணேஷை ஒன்றின் முதுகில் கம்பளியால் கட்டினார்கள். தண்ணீர் மாட்டின் வயிற்றைத் தொட்டது. "அசையாதேங்கோ, நான் பின்னாலேயே வாறன்" என்று கத்தியபடி அடுத்த மாட்டில் ஏறினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

தாஷ்குர்கான் ஊர் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜீப் பறந்தது. ஆஸ்பத்திரியில் தலையணை போன்ற ரப்பர் பையில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர் விருந்தினர் விடுதியில்தான் தங்கவேண்டும் என்பது விதி. குல்நோர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்த் தன் பொறுப்பில் நான் ஆஸ்பத்திரியிலேயே தங்க அனுமதி வாங்கிவந்தார். கட்டிலின் பக்கத்திலேயே இருந்தேன். விடியற்காலையில் கணேஷ், "ஏன் அழுறீர்?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் தேறியதும் குல்நோர் எங்களைப் பழைய கல்கோட்டைக்கு அழைத்துப்போனார். வெள்ளம் வடிந்தபின் பஸ்ஸில் வந்துசேர்ந்த அமானும் கூட வந்தார். பரப்பில் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் மாவட்டம். சனமோ மேற்கு ஆக்லாந்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். கூட்டுப்பண்ணைக் கம்யூன்களெல்லாம் ஊராட்சிகளாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. குளிரில் பள்ளத்தாக்கிலும் கோடையில் மேய்ச்சல் மலையிலும் இருக்கும் மக்களை நிர்வகிக்க, தலைவியும் கூடவே ஏறி இறங்கவேண்டும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சோவியத் மலைகளைக் கணேஷ் ஒவ்வொன்றாக விரலால் காட்டி, எது எந்த நாடு என்று கேட்டார். குல்நோர் சிரித்தார். அமான் மொழிபெயர்த்தார்: "அந்தக் கடைசி, சோவியத் மலைக்குப் பின்னால் அவருடைய பெரியம்மா மகள் இருக்கிறாராம். ஒருநாளும் பார்த்ததில்லையாம்." கணேஷ் விரலை இறக்கிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி விதிகள் அடிக்கடி மாறும், கிளம்பும் முன் விசாரியுங்கள். சுஸ்டில் இரண்டு இரவாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். ஆகஸ்டில் மத்தியானத்துக்குப் பிறகு ஓடைகள் பொங்கும், காலையிலேயே கடந்துவிடுங்கள். தலைவலி வந்தால் படம் எடுக்க நிற்காமல் இறங்குங்கள்.

விடைபெறும்போது குல்நோர் என் கன்னத்தில் முத்தமிட்டார். காஷ்கர் போகும் பஸ்ஸில் கணேஷ் மெதுவாகச் சொன்னார், கவரிமாட்டில் ஏறியது எதுவுமே தனக்கு நினைவில்லை என்று. நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஜன்னலுக்கு வெளியே முஸ்தாக் அதா பனிமலை போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "பிறகு?" "பிறகு?" என்று கேட்டபடி வந்தார்.